புத்தக அலமாரியும் இரண்டு ஜோடி ஸ்பீக்கரும்

என் கணவருக்குத் தன் காதின் மேல் அப்படியொரு கர்வம். லிஃப்ட் பழுது பார்ப்பது அவர் வேலை. கதவு மூடுகிற சத்தத்தைக் கேட்டே எங்கே தேய்ந்திருக்கிறது என்று சொல்லிவிடுவார். அதை நான் மறுக்கமாட்டேன். ஆனால் சமையலறையிலிருந்து தொண்டை வற்றக் கூப்பிட்டாலும் அதே காதில் எதுவும் விழாது. அந்தக் காதை நம்பித்தான் ஹாலுக்கு ஸ்பீக்கர் தேர்ந்தெடுக்கக் கிளம்பினார்.

ஆளுயரப் பெட்டிகள் வேண்டாம், புத்தக அலமாரியில் வைக்கும் சின்ன ரகம் போதும் என்றார். நானும் தலையாட்டினேன். புத்தகங்களுக்கு நடுவே வைப்பார் என்று நினைத்ததுதான் என் தப்பு. சனிக்கிழமை சாயங்காலம் வேலை முடிந்து வந்து பார்த்தால், சுவர் முழுக்க நிற்கும் அலமாரி மொட்டையாக இருந்தது. நடுத்தட்டில் இரண்டு ஜோடி ஸ்பீக்கர்கள். ஒன்று மர நிறம், ஒன்று கறுப்பு. பிடித்ததை வைத்துக்கொண்டு மற்றதைத் திருப்பித் தரும்படி ஸ்பீக்கர் கடைக்காரர் கொடுத்தனுப்பியிருந்தார். என் புத்தகங்கள் அட்டைப்பெட்டிகளில் அடைபட்டு மூலையில் கிடந்தன.

ஸ்பீக்கர் மூச்சுவிட இடம் வேண்டுமாம். புத்தகப் பெட்டிகளைத் திங்கட்கிழமை தன் அலுவலக மனமகிழ் மன்றத்துக்கு அனுப்புவதாக வாக்கும் கொடுத்துவிட்டாராம்.

"எல்லாம் நீ படிச்சு முடிச்சதுதானே," என்றார்.

சாப்பிட்டு முடித்த தட்டைக் கழுவி வைப்பார்களா, தூக்கிக் கொடுப்பார்களா? சம்பளம் வாங்கத் தொடங்கியதிலிருந்து ஒவ்வொன்றாகச் சேர்த்தவை. துப்பறியும் கதை, பயணக் கதை, கட்டிலுக்குக் கால் கொடுக்கிற அளவுக்குத் தடித்த நாவல்கள். உட்கார்ந்து அழலாம்தான். அழுதால் பக்கத்தில் வந்து முதுகைத் தடவிக் கொடுப்பார், பெட்டிகள் திங்கட்கிழமை கிளம்பிவிடும். அதனால் அழவில்லை.

ஞாயிற்றுக்கிழமை காலையில் என் அண்ணன் வந்தான். கார் ஓட்டக் கற்றுக்கொடுக்கிறவன். அவனுக்கும் காதைப் பற்றி இதே பெருமை. கியர் மாற்றும் சத்தத்தில் மாணவனின் சுபாவமே தெரியுமாம். வந்த வேகத்தில் கறுப்புதான் நல்லது என்றான். இவர் மர நிறம்தான் என்றார். ஒருவர் கறுப்பில் தபேலாவின் தோல் அதிர்வது தெரிகிறது என்றார், மற்றவர் மரத்தில் பாடகி மூச்சு வாங்குவது கேட்கிறது என்றார். மத்தியானச் சாப்பாடு வரை மாப்பிள்ளையும் மச்சானும் இப்படியே மல்லுக்கு நின்றார்கள். எனக்கு இரண்டும் ஒன்றுபோலத்தான் கேட்டன. காலிப் பானைக்குள் தலையைவிட்டுப் பாடுகிற மாதிரி ஒரு கூத்து. அலமாரி நிறைந்திருந்த வரை எங்கள் ஹாலில் ஃபோன் பேசினால்கூட அப்படிக் குரல் முழங்கியதில்லை. அங்கேதான் எனக்குப் பொறி தட்டியது.

நான் கண்ணாடிக் கடையில் கண் பரிசோதிக்கிறவள். லென்ஸை மாற்றி மாற்றிப் போட்டு, இது தெளிவா, அது தெளிவா என்று கேட்பதுதான் என் பிழைப்பு. நடுவில் ஒரு தடவை, மாற்றுவதுபோல் கையை அசைத்துவிட்டு அதே லென்ஸையே போடுவேன். ரொம்பப் பேர் யோசிக்காமல், இது முன்னதைவிட நல்லா இருக்கு என்பார்கள். படித்தவர், படிக்காதவர் என்ற பேதமே கிடையாது. அதற்காக யாரையும் நான் பரிகாசம் செய்ததில்லை, கடையில்.

கண்ணால் பார்த்தால் காது பொய் சொல்லும், திரை கட்டிவிட்டுக் கேளுங்கள் என்று இரண்டு பேரிடமும் சொன்னேன். உடனே ஒத்துக்கொண்டார்கள். தோற்கப்போவது எதிராளிதான் என்று இருவருக்கும் அவ்வளவு நம்பிக்கை. அலமாரியை மறைத்துப் படுக்கை விரிப்பைக் கட்டினேன். வயர்களோடும் அட்டைப்பெட்டிகளோடும் நான் உள்ளே, நாற்காலிகளில் அவர்கள் வெளியே.

மர ஜோடியில் ஒரு பாட்டைப் போட்டு, முதலாவது என்றேன். நிறுத்தினேன். வயரைப் பிடுங்கிச் செருகுவதுபோல் கொஞ்சம் சத்தம் செய்தேன். அதே மர ஜோடியில் அதே பாட்டைப் போட்டு, இரண்டாவது என்றேன்.

முதலாவதில் குரல் அடைத்துப்போயிருக்கிறது, இரண்டாவதுதான் மரம் என்றார் இவர். முதலாவது மரம்தான், அதனால்தான் அடைப்பு, இரண்டாவது சத்தியமாகக் கறுப்பு என்றான் அண்ணன். வித்தியாசம் மலைக்கும் மடுவுக்கும் என்பதில் மட்டும் ஒற்றுமை. விரிப்புக்குப் பின்னால் நான் முந்தானையை வாயில் அடைத்துக்கொண்டேன்.

இன்னும் ஒன்று பாக்கி இருக்கிறது, காது ஓய்ந்தால்தான் சரியாகக் கேட்கும், பால்கனியில் காபி ஆறுகிறது என்று அனுப்பிவைத்தேன். கடைக்காரர் வேறு ஏதோ கொடுத்துவிட்டிருக்கிறார் போல என்று அவர்களாகவே பேசிக்கொண்டு போனார்கள். நான் ஏன் திருத்தவேண்டும்? பெட்டிகளைப் பிரித்துப் புத்தகங்களைத் தட்டில் அடுக்கினேன். ஸ்பீக்கர்களுக்கு இரண்டு பக்கமும், மேலும், கீழும். ஒன்று முன்னே தள்ளி, ஒன்று பின்னே தள்ளி, அவசரத்தில் கை போன போக்கில். வேர்த்து ஊற்றியது. கறுப்பு ஜோடியைத் தரையில் இறக்கினேன். ஒலி அளவில் கை வைக்கவே இல்லை.

மூன்றாவது முறை பாட்டு ஆரம்பித்தது. முழக்கம் போய்விட்டது எனக்கே தெரிந்தது. வெளியே சத்தமே இல்லை. அந்த இருவரும் ஒரே நேரத்தில் வாயை மூடி நான் பார்த்ததில்லை.

பாட்டு முடிந்ததும் அண்ணன் மெதுவாக, "மாப்ள, நம்ம ரெண்டு பேரு சொன்னதும் தப்பு. இதுதான்," என்றான்.

"ஆமா மச்சான். இதையே எடுத்துடலாம்."

நான் விரிப்பை அவிழ்த்தேன். தரையில் கிடக்கும் கறுப்பு, தட்டில் மரம், அதைச் சுற்றி என் புத்தகங்கள். திரை கட்டிய பிறகு கேட்டது மூன்றும் மரம்தான், கறுப்புக்கு வயரே கொடுக்கவில்லை என்று சொன்னேன். அண்ணன் முகத்தில் ஈயாடவில்லை. ஏதோ வகுப்பு இருப்பதாகச் சொல்லிச் செருப்பைத் தேடினான்.

இவர் கோபப்படுவார் என்று நினைத்தேன். இல்லை. எழுந்து வந்து இடப்பக்கத்திலிருந்து ஒரு கை நிறையப் புத்தகங்களை எடுத்தார், கேட்டார், திரும்ப வைத்தார், கேட்டார். லிஃப்ட்டுக்குள் நிற்கிற முகம் வந்துவிட்டது. அப்புறம் மனமகிழ் மன்றத்துக்கு ஃபோன் போட்டு, பெட்டிகள் வராது என்று அசடு வழியச் சொன்னார். எனக்குச் சந்தோஷத்தில் கண் கலங்கியது. காட்டிக்கொள்ளவில்லை.

மறுநாள் சாயங்காலம் அவர் பாட்டுக் கேட்டுக்கொண்டிருந்தபோது, தடித்த நாவல் ஒன்றை உருவினேன். சட்டென்று கையைப் பிடித்துக்கொண்டார்.

"அதை எடுக்காதே. இடது பக்கம் காலியாயிடும்."

"நான் படிக்கணுமே."

பைக்குள்ளிருந்து அளவு டேப்பை எடுத்து அந்த நாவலின் முதுகை அளந்தார். பிறகு ரொம்பப் பொறுப்பாக ஒரு தீர்ப்புச் சொன்னார்.

"படிக்கணும்னா இதே தடிமன்ல இன்னொண்ணு வாங்கி அந்த எடத்துல வச்சுட்டு எடு. பழசு எதையும் வெளியே அனுப்பக்கூடாது."

கஷ்டமான நிபந்தனைதான் என்று பெருமூச்சு விட்டேன். வேறு வழியில்லாமல் ஒத்துக்கொள்கிறேன் என்றும் சொன்னேன். வண்டிச் சாவியை எடுத்துக்கொண்டு அவரே புத்தகக் கடைக்குக் கூட்டிப்போனார்.