கண்ணாடிக்கு ஒரு கத்தரி

எங்கள் தையல்கடையில் கத்தரி எப்போதும் என் இடுப்பில்தான் தொங்கும். தம்பி நடமாடும் இடத்தில் அதை மேசையில் வைக்க எனக்கு மனசு வராது. பிறவியிலேயே அவனுக்கு ரத்தம் உறையாத நோய். வீட்டில் அவன் பெயரே கண்ணாடி. கல்யாண வயதைத் தாண்டிய ஆம்பிளையைப் பட்டன் தைக்கக்கூட விடாமல், துணி மடிக்க வைத்திருந்தேன்.

போன வருஷம் பெரிய ஆஸ்பத்திரியில் மரபணு சிகிச்சை கொடுத்தார்கள். தீங்கு செய்ய முடியாதபடி மாற்றிய வைரஸில் நல்ல மரபணுவை ஏற்றி, ஒரே ஒரு தடவை நரம்பு வழியாக இறக்கினார்கள். ரத்தம் உறையத் தேவையானதைக் கல்லீரலே இனி சுரந்துகொள்ளுமாம். சோதனையில் அளவு நன்றாக ஏறியிருக்கிறது என்றார் டாக்டர். காகிதத்தில் ஏறினால் ஆயிற்றா? அவன் தும்மினால்கூட எழுந்துபோய் மூக்கைப் பார்த்தேன். கத்தரியைக் கொடு, வெட்டப் பழகுகிறேன் என்று அவன் நச்சரித்தான். நான் காதில் போட்டுக்கொள்ளவில்லை.

நேற்று ஒரு வாடிக்கையாளருக்கு அளவெடுக்கும் அவசரத்தில் கத்தரியைக் கழற்றி வைத்துவிட்டு உள்ளே போனேன். திரும்பி வந்தால் சாம்பல்நிறக் கோட்டுத்துணி வெட்டுப்பட்டுக் கிடக்கிறது. அவன் இடது உள்ளங்கையில் ஆழமான வெட்டு, ரத்தம் குபுகுபுவென்று வருகிறது.

எனக்கு உயிரே போய்விட்டது. கிடைத்த துணியை வைத்து அழுத்தியபடி அவனையும் இழுத்துக்கொண்டு ஓடி, குளிர்பெட்டியைத் திறந்தேன். ரத்தம் உறைய அவனுக்கு முன்பு போட்டுவந்த ஊசிமருந்துத் தட்டு காலி. அதே நோய் இருந்தும், அந்த வைரஸுக்கு எதிர்ப்புச்சக்தி உடம்பில் ஏற்கெனவே இருந்ததால் இந்தச் சிகிச்சை மறுக்கப்பட்ட சிநேகிதனுக்கு எல்லாவற்றையும் தூக்கிக் கொடுத்துவிட்டானாம், மகராசன். வாய்க்கு வந்தபடி திட்டினேன். வண்டி பிடிக்கச் சொல்லி வாடிக்கையாளரை விரட்டினேன். அழுத்துவதை மட்டும் நிறுத்தவில்லை.

“விடுக்கா, கை மரத்துப்போச்சு. ரத்தம் நின்னு ரொம்ப நேரமாச்சு.”

விடப் பயமாக இருந்தது. பால்பல் விழுந்ததற்கே இவனை ஆஸ்பத்திரியில் போட்டுக்கொண்டு கிடந்த குடும்பம் நாங்கள். கடைசியில் அவனே என் விரல்களைப் பிரித்துவிட்டான். வெட்டு வாயில் ரத்தம் கருஞ்சிவப்பாக உறைந்திருந்தது. வாடிக்கையாளர் வாசலில் வந்து நின்றதுகூடத் தெரியாமல் அழுதேன்.

கண்ணைத் துடைத்தபோதுதான் மேசையில் கிடந்த துணி கண்ணில் பட்டது. நான் சாக்குக்கட்டியால் போட்டிருந்த கோட்டின் மேலேயே ஒட்ட வெட்டித் தொலைத்திருக்கிறான்.

“தையலுக்குத் துணி விடாம எவன்டா வெட்டுவான்? கண்ணை எங்கடா வெச்சிருந்தே?”

அவன் முகமெல்லாம் சிரிப்பு. வேலை சரியில்லை என்று அவனை நான் திட்டியது அதுதான் முதல் தடவை.