சம்பந்தியம்மா வந்திருக்கிறாள்

அப்பாவின் உதட்டை ஈரத்துணியால் ஒற்றிக்கொண்டிருந்த மகள், மூச்சுச் சத்தம் திடீரென்று கூடியதைக் கேட்டு நிமிர்ந்தாள். காலையிலிருந்தே அவருடைய மூச்சு இழுத்து இழுத்துத்தான் வந்துகொண்டிருந்தது. இது அப்படி இல்லை. ஈரமாக, அவசரமாக, எதையோ மோந்துகொண்டே நகர்கிற மூச்சு. அப்பாவின் மார்பு மெல்ல ஏறி இறங்கிக்கொண்டிருக்க, இது தன் போக்கில் வேறு தாளத்தில் போனது. அவளுக்குப் புரியக் கொஞ்ச நேரம் பிடித்தது. அது கட்டிலிலிருந்து வரவில்லை. சுவருக்கு அந்தப் பக்கமிருந்து வந்தது.

சமையலறையில் பால் ஆற்றிக்கொண்டிருந்த அம்மா, டம்ளரைச் சத்தம் வராமல் கீழே வைத்துவிட்டு உள்ளே வந்தாள். முகத்தில் ரத்தமே இல்லை.

"சம்பந்தியம்மா வந்திருக்கா," என்றாள் கிசுகிசுப்பாக. "குட்டியோட வந்திருக்கா."

அந்த வீட்டில் கரடிக்கு அதுதான் பெயர். வைத்தவர் அப்பா. "சொல்லாம கொள்ளாம வர்றா. இருக்கறதெல்லாம் சாப்பிடறா. போன்னு சொன்னா கோவிச்சுக்கறா. சம்பந்தியம்மா இல்லாம வேற யாரு?" என்பார். மகளுக்குக் கல்யாணமாகி நிஜச் சம்பந்தியம்மா வந்த பிறகும் அந்தப் பெயரை அவர் மாற்றவில்லை. அந்த அம்மாளுக்கு எதிரிலேயே ஒருமுறை அவர் சொல்லிவிட, வீட்டில் எல்லோரும் சிரிப்பை அடக்கப் பட்ட பாடு பெரும்பாடு.

வீடு மேட்டின் கடைசி வீடு. பின்னால் ஓடை, ஓடைக்கு அந்தப் பக்கம் காடு. அப்பா மின்சார லைன்மேன். காட்டுக்குள் போகும் கம்பிகளைப் பார்த்துக்கொள்வதற்கு அந்த வீடுதான் வசதி என்று வந்தவர், வேலையிலிருந்து ஓய்வு பெற்ற பிறகும் நகரவில்லை. வந்த புதிதில் அவர் செய்த முதல் காரியம், பின்கதவுக்குப் பக்கத்து ஜன்னல் கம்பியில் ஓர் இரும்புத் தட்டைக் கட்டித் தொங்கவிட்டது. அதைத் தட்ட ஒரு பழைய ஸ்பேனர். தட்டைத் தட்டாமல் யாரும் பின்கதவைத் திறக்கக் கூடாது.

"கரடிக்கு நம்ம மேல ஒரு கோவமும் கிடையாது," என்று பிள்ளைகளுக்குச் சொல்வார். "திடீர்னு எதிர்ல போய் நின்னாதான் பயந்துக்கும். பயந்தா அடிக்கும். நாம வர்றோம்னு முன்னாடியே சொல்லிட்டா அதுபாட்டுக்குப் போயிடும்."

அவர் தட்டுவதற்கு ஒரு முறை இருந்தது. முதலில் மெதுவாக ஒன்று. கொஞ்சம் இடைவெளி. அப்புறம் அடுத்தடுத்து இரண்டு. பிறகு தொண்டையைச் செருமிக்கொண்டு, "வர்றேன், வர்றேன். கொஞ்சம் வழி விடு," என்பார். ஏதோ பஸ்ஸில் உட்கார இடம் கேட்பதுபோல இருக்கும். காடு எத்தனையோ வருஷமாக அதைக் கேட்டுக் கேட்டுப் பழகியிருந்தது.

இன்னொரு விதியும் உண்டு. கரடி கிட்டத்தில் வந்துவிட்டால், அதிலும் குட்டியோடு வந்துவிட்டால், மூச்சு விடக் கூடாது. கீழ் வளைவில் இருக்கும் பால்காரர் அந்த விதியை மறந்து, மாட்டுக் கொட்டகைக்குப் பக்கத்தில் அதை நேருக்கு நேர் பார்த்ததும் கத்திக்கொண்டு பால் கேனைப் போட்டு உருட்டினார். இப்போது ஒரு காலை இழுத்துத்தான் நடக்கிறார். இவர்கள் வீட்டுப் பாலை வளைவிலேயே வைத்துவிட்டுப் போய்விடுகிறார்.

மகள் எழுந்து, அழுத்தி மிதித்தால் முனகும் பலகையைத் தாண்டிக் கால் வைத்து, சாத்தியிருந்த ஜன்னலின் இடுக்கில் கண்ணை வைத்தாள்.

பின்முற்றத்து அத்திமரத்தடி முழுவதும் பழம். உதிர்ந்து, நசுங்கி, கறுத்து, புளித்த வாடை இடுக்கு வழியாகவே வந்து முகத்தில் அடித்தது. அதன் நடுவே முதுகைக் காட்டிக்கொண்டு அது உட்கார்ந்திருந்தது. அவள் சின்ன வயதில் பார்த்ததைவிடப் பெரிதாக இருந்தது. அல்லது பயம் பெரிதாகக் காட்டியது. குட்டி மரத்தில் பாதி உயரத்தில் தொங்கிக்கொண்டிருந்தது.

தினமும் சாயங்காலம் உதிர்ந்த பழங்களைப் பொறுக்கிச் சாக்கில் போட்டு, ஓடைக்கு அந்தப் பக்கம் கொண்டுபோய்க் கொட்டிவிட்டு வருவது அப்பாவின் வேலை. பழம் வீட்டருகில் கிடந்தால் கரடியும் வீட்டருகில் வரும். அவர் படுத்ததிலிருந்து அம்மா கட்டிலை விட்டு அசையவில்லை. முந்தாநாள் வந்திறங்கிய மகளின் காலில் ஒரு பழம் மிதிபட்டுச் செருப்பெல்லாம் பிசுபிசுத்தது. கழுவிவிட்டு உள்ளே வந்தாள். இந்த வீட்டில் பிறந்தவளுக்கு அதற்கு மேல் யோசிக்கத் தோன்றவில்லை.

"நேத்து உங்கப்பா இந்த ஜன்னலயே கையைக் காட்டிட்டு இருந்தாரே," என்றாள் அம்மா காதோடு. "வெளிச்சம் கண்ணக் கூசுதாக்கும்னு நான் சாத்திட்டேன்."

"பழத்தைக் காட்டியிருக்காரும்மா."

இருவரும் கட்டிலைப் பார்த்தார்கள். அவர் கண்கள் பாதி திறந்தபடி உத்தரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தன. டாக்டர், இனிமேல் ஆஸ்பத்திரியில் வைத்து ஒன்றும் ஆகப்போவதில்லை என்று சொல்லி அனுப்பியிருந்தார். காலையில் வளைவு வரை இறங்கிப்போய், அங்கே மட்டும் கிடைக்கும் சிக்னலில் மகள் தம்பிக்குப் போன் செய்திருந்தாள். லாரி ஓட்டுகிறவன். லோடை வேறு டிரைவரிடம் விட்டுவிட்டு மதிய பஸ்ஸில் வந்துவிடுவதாகச் சொன்னான்.

அப்பாவின் மூச்சு ஒருமுறை நீளமாக உள்ளே போனது.

அவள் அது வெளியே வருவதற்காகக் காத்திருந்தாள். அம்மாவும் காத்திருந்தாள். சுவருக்கு அந்தப் பக்கம் மூச்சு நெருங்கி வந்து, கதவுப் பலகையை மோந்து, நகர்ந்து, மறுபடி மோந்தது. கட்டிலில் எதுவும் நடக்கவில்லை. மகள் அவர் மார்பில் கை வைத்துப் பார்த்தாள். பிறகு மூக்கருகில் வைத்தாள். எடுத்து இன்னொருமுறை வைத்தாள்.

அம்மாவின் வாய் திறந்ததைப் பார்த்தவள், சத்தம் வருவதற்கு முன் பாய்ந்து தன் உள்ளங்கையால் அதை அழுத்தி மூடினாள். கட்டிய புருஷன் கண்ணெதிரில் போகும்போது அம்மாவின் வாயைப் பொத்த வேண்டி வரும் என்று அவள் கனவில்கூட நினைத்ததில்லை. அம்மா திமிறினாள். உள்ளங்கையில் பல் இறங்கியது. வலி கண்ணில் நீராக வந்தது, ஆனாலும் கையை எடுக்கவில்லை. இருவரும் அப்படியே கட்டிலின் காலடியில் சரிந்து உட்கார்ந்தார்கள்.

"கதவு தாங்காதும்மா," என்று காதில் சொன்னாள். "தாழ்ப்பாள் ஆடுது. தாங்காது."

அம்மாவின் உடம்பு குலுங்கிக் குலுங்கி, கொஞ்சம் கொஞ்சமாக அடங்கியது. கையை எடுத்ததும் அவள் அழவில்லை. அப்பாவின் துண்டை எடுத்துத் தன் வாயில் தானே திணித்துக்கொண்டாள்.

மகள் தாழ்ப்பாளையே பார்த்துக்கொண்டிருந்தாள். இந்தப் பயம் அவளுக்குப் புதிதல்ல. சின்ன வயதில் தூங்குமுன் தாழ்ப்பாளைத் தொட்டுப் பார்க்காமல் படுத்த நாளே இல்லை. பெண் கேட்டு வந்தபோது, மாப்பிள்ளை எப்படி என்று கேட்காமல் வீடு எத்தனாவது மாடி என்று கேட்டவள் உலகத்திலேயே இவள் ஒருத்திதான் என்று தம்பி இன்றைக்கும் கிண்டல் செய்வான். மூன்றாவது மாடி. பகலெல்லாம் தையல் மெஷினின் சத்தம், ராத்திரி லிஃப்டின் சத்தம். அப்படியிருந்தும் பால்கனிக் கதவைத் திறக்குமுன் அவள் விரல் தானாகப் போய்க் கதவைத் தட்டும். மெதுவாக ஒன்று, பிறகு இரண்டு. "புறாதான் இருக்கு, தைரியமா போ," என்பார் புருஷன்.

கீழே வளைவில் பஸ் ஹாரன் அடித்தது.

இருவரும் ஒரே நேரத்தில் நிமிர்ந்தார்கள். அம்மா வாயிலிருந்து துண்டை எடுத்தாள்.

"அவன் குறுக்கால ஏறி வருவான்," என்றாள்.

அவன் என்றைக்கு ரோட்டைச் சுற்றி வந்தான்? பஸ்ஸை விட்டு இறங்கினால் ஓடையைத் தாண்டி, நேரே அத்திமரத்தடிக்கு ஏறுகிற ஒற்றையடிப் பாதைதான். முன்வாசல் வழியே ஓடிப்போய்த் தடுக்கலாம் என்றால், ரோடு சுற்றிக்கொண்டு போய்ச் சேர்வதற்குள் அவன் மரத்தடிக்கே வந்துவிடுவான். கத்தலாம் என்றால், ஓடைச் சத்தத்தில் மனிதக் குரல் அந்தப் பக்கம் போகாது. இந்தப் பக்கம் இருக்கிற காதுக்கு மட்டும்தான் கேட்கும்.

ஓடையைத் தாண்டியதும் வீட்டில் அழுகைச் சத்தம் கேட்டால் அவன் ஒருவேளை நிற்பான். அழவும் வழியில்லை. ஒன்றும் ஆகவில்லை என்று நினைத்துக்கொண்டு அவன் வேகமாக ஏறுவான், பழத்தின் மேல் குனிந்திருக்கும் அந்த முதுகை நோக்கி, அதற்கும் மரத்திலிருக்கும் குட்டிக்கும் நடுவே. மகளுக்கு ஒரே வீட்டிலிருந்து ஒரே நாளில் இரண்டு பேர் என்ற நினைப்பு வந்தது. அதைத் தள்ளத் தள்ளத் திரும்பி வந்தது.

"தட்டு சத்தம் ஓடையத் தாண்டிக் கேக்கும்," என்றாள்.

"இவ்வளவு கிட்டத்துல தட்டக் கூடாது. பால்காரர் கால மறந்துட்டியா?"

"அவரு கேன உருட்டினாரு. இவளுக்குத் தெரிஞ்ச சத்தம் அது இல்ல. அப்பா தட்டுறது இவளுக்குத் தெரியும்."

அம்மா கட்டிலைப் பார்த்தாள். எப்போதும் எல்லாவற்றுக்கும் அவரிடம் கேட்டுப் பழகிய பார்வை, போய்விட்டுத் திரும்பியது.

"அப்போ அவர் மாதிரியே தட்டு," என்றாள். "பதறாதே. பதறினா கண்டுபிடிச்சிடுவா."

ஸ்பேனர் எதிர்பார்த்ததைவிடக் கனமாக இருந்தது. ஜன்னலின் ஒரு கதவை மட்டும் திறந்தாள். தட்டுக்கு அந்தப் பக்கம், கை நீட்டினால் தொடுகிற தூரத்தில், மயிர் அடர்ந்த தோள் அசைந்தது. ஈர நாயின் வாடையும் புளித்த பழத்தின் வாடையும் சேர்ந்து உள்ளே வந்தன. அம்மா கடித்த இடத்திலிருந்து ரத்தம் கசிந்து ஸ்பேனர் வழுக்கியது. உடம்பில் ஒட்டிய மண்ணைத் தட்டுவதுபோல உயிரைத் தட்டிவிடக்கூடிய ஒன்றின் முன்னால் நிற்கிறோம் என்று உடம்பு முழுக்கத் தெரிந்தது. அப்பா எப்படித் தட்டுவார் என்பது சுத்தமாக மறந்துபோயிற்று.

கண்ணை மூடிக்கொண்டாள். மூன்றாவது மாடி. பால்கனிக் கதவு. அந்தப் பக்கம் புறா.

மெதுவாக ஒன்று.

வெளியே மூச்சு நின்றது. மோப்பமும் இல்லை, மெல்லும் சத்தமும் இல்லை. அந்த நிசப்தத்தைவிடப் பயங்கரமான எதையும் அவள் கேட்டதில்லை.

அடுத்தடுத்து இரண்டு.

இனிமேல் செருமல் வர வேண்டும். அவள் செருமப் பார்த்தாள். தொண்டை காய்ந்து காற்றுதான் வந்தது. மறுபடி முயன்றாள். ஜன்னலுக்கு வெளியே ஒரு தடித்த உறுமல் கிளம்பி, ஏறத் தொடங்கியது.

அப்போது அவளுக்குப் பின்னால் செருமல் கேட்டது.

திரும்பிப் பார்த்தாள். அம்மா கட்டிலருகே நின்றுகொண்டு, கையில் அப்பாவின் துண்டோடு, தொண்டையை இன்னொருமுறை செருமினாள். அழாமல் அடக்கி வைத்த தொண்டை, ஆண்குரல்போலக் கட்டிப்போயிருந்தது.

"வர்றேன், வர்றேன்," என்றாள் அம்மா. "கொஞ்சம் வழி விடு."

உறுமல் பாதியில் நின்றது. ஒரு பெருமூச்சு கேட்டது. உண்மையாகவே, பந்தியில் பாதியில் எழுப்பப்பட்ட சம்பந்தியின் பெருமூச்சுதான் அது. பிறகு நாக்கைச் சொடுக்குவதுபோல ஒரு சத்தம். மரத்தில் நகங்கள் கீறிக்கொண்டு இறங்கின. குட்டி கீழே விழுந்து எழுந்து ஓடியது. சருகுகள் நொறுங்கின, மேட்டுப் பக்கமாக, தூரமாக, இன்னும் தூரமாக.

மகள் நிறுத்தவில்லை. ஒன்று, பிறகு இரண்டு. ஒன்று, பிறகு இரண்டு. சருகுச் சத்தம் ஓய்ந்து, காட்டில் குருவி ஒன்று கத்தத் தொடங்கும் வரை தட்டிக்கொண்டே இருந்தாள். பிறகு கை தானாகக் கீழே இறங்கியது. அம்மா கட்டில் சட்டத்தைப் பிடித்துக்கொண்டு மெல்ல உட்கார்ந்து, அப்பாவின் கண்களை மூடிவிட்டாள்.

ஓடைப் பக்கம் புதர் விலகியது. தோளில் பையும் கையில் ஆரஞ்சுப் பழப் பொட்டலமுமாகத் தம்பி ஏறி வந்தான். வேகமாக வந்ததில் மூச்சு வாங்கியது. ஜன்னலில் அக்காவின் முகத்தைப் பார்த்ததும் அவன் முகமெல்லாம் மலர்ந்தது.

"என்னக்கா நீ, போன்ல பேசினதப் பாத்து நான் என்னென்னவோ நெனச்சுட்டேன்," என்றான். "பஸ்ல உக்காரவே முடியல எனக்கு. ஓடைகிட்ட வரும்போது தட்டு சத்தம் கேட்டுச்சு பாரு, அப்பதான் உயிரே வந்துச்சு. எப்ப எந்திரிச்சாரு?"

அவள் கடிபட்ட உள்ளங்கையை மடக்கிக்கொண்டாள்.

அவன் மரத்தடியைப் பார்த்தான். பொட்டலத்தை ஓரமாக வைத்துவிட்டு, சுவரில் மாட்டியிருந்த சாக்கை எடுத்து உதறினான்.

"பழமெல்லாம் இப்படியா கெடக்கும்? அப்பா வெளிய வந்து பாத்தா நம்மளத் தொலைச்சிடுவாரு," என்று சொல்லிக்கொண்டே குனிந்து, பழங்களை ஒவ்வொன்றாகப் பொறுக்கிச் சாக்கில் போடத் தொடங்கினான். போட்டபடியே குரலை உயர்த்தி, "அப்பா, நான் வந்துட்டேன்," என்றான்.

அம்மா எழுந்து ஜன்னலுக்கு வந்தாள். இரும்புத் தட்டு இன்னும் லேசாக ஆடிக்கொண்டிருந்தது. அவள் கையை நீட்டி, அதைப் பிடித்து நிறுத்தினாள்.