வெட்டிப் போட்ட புல்

சவப்பெட்டியைச் சுமந்தவர்கள் மேட்டில் தோள் மாற்றிக்கொண்டபோதுதான் தங்கை அதைப் பார்த்தாள். காட்டோரக் கல்லறைக்குப் போகும் பாதையின் இருபுறமும் இடுப்பளவு நின்ற புல் சுத்தமாக வெட்டப்பட்டிருந்தது. வெட்டியது வெட்டிய இடத்திலேயே கிடந்தது.

"காலையில நாற்பது பேர் இறங்கினோம்மா," என்றார் கூட நடந்த கொத்தனார். "ஒன்றரை மணி நேரம்தான். எல்லாம் உங்க அண்ணனுக்காக."

மூன்று கோடையாக, ஞாயிறுதோறும் பத்துப் பேர் வேண்டும் என்று அண்ணன் வீடு வீடாக ஏறி இறங்கினான். காட்டுக்கும் வயலுக்கும் நடுவே பத்தடி அகலத்துக்குப் புல்லைச் செதுக்கி வெறும் மண்ணாக்கிவிட்டால், தரையோடு வரும் தீ அங்கேயே நின்றுவிடும். அவ்வளவுதான் அவன் கேட்டது. "தீக்காரர் வர்றார், அடுப்பை அணைங்கப்பா" என்று சிரித்தார்கள். நேற்று மதியம் தனியாகச் செதுக்கிக்கொண்டிருந்தவன் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு அங்கேயே விழுந்தான். இன்னும் நூறடி பாக்கி. காய்ந்த காற்று தொடங்க மூன்று நாளோ, நான்கு நாளோ.

மண் மூடியாயிற்று. கூட்டம் கலையும் முன் அவள் கேட்டாள்.

"எல்லாரும் இருக்கீங்க. வேலியோரம் அரிவாளும் இருக்கு. அந்த நூறடியை முடிச்சிட்டுப் போலாமா?"

ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள்.

"இன்னிக்கா?" மளிகைக்கடைக்காரர் குரலைத் தாழ்த்தினார். "அவரை இப்பத்தான் உள்ள வச்சிருக்கோம். நல்லாவா இருக்கும்? ஞாயித்துக்கிழமை கண்டிப்பா வர்றோம்."

"காத்து ஞாயித்துக்கிழமை வரைக்கும் காத்திருக்குமாண்ணே?"

"துக்கத்துல பேசுது, பாவம்," என்றார் யாரோ.

அண்ணி அவள் கையைப் பிடித்தாள். "வாடி வீட்டுக்கு. அந்த மனுஷன் உயிரோட வந்து கேட்டே அசையாதவங்க."

"இந்தப் புல்லையாவது அள்ளணும் அண்ணி. நாளைக்கே காஞ்சிடும். காட்டுலேர்ந்து வீட்டு வாசல் வரைக்கும் திரி போட்ட மாதிரி கிடக்கு."

"எனக்குத் தெரியாதா? மூணு வருஷமா சோத்தோட சேர்த்து இதைத்தானே கேட்டேன். வெட்டினா போதாது, அள்ளணும். அள்ளினதைக் காட்டுப்பக்கம் போடக்கூடாது..."

அண்ணி பாதியில் நிறுத்திக்கொண்டாள். செருப்பைக் கழற்றி ஓரமாக வைத்தாள்.

கூட்டம் கீழே இறங்கிப் போனது. இருவரும் குனிந்து, கைக்கு வந்ததை வாரி அணைத்து வயல்பக்கப் பள்ளத்தில் கொட்டினார்கள். புல் முழங்கையைக் கீறியது.

கொத்தனார் காலையில் மேலேயே விட்டிருந்த வண்டியைத் தள்ளிக்கொண்டு வந்தார். பாதையில் ஒரு குவியல் மறித்தது. நின்றார். ஸ்டாண்டு போட்டார். இரண்டு கைகளாலும் அதை அள்ளினார். தங்கை நிமிர்ந்து பார்த்தாள்.

அவர் அதைக் காட்டுப்பக்கம் கொண்டுபோய், மரங்களுக்கு அடியில் அழகாகக் குவித்துவிட்டுக் கைகளைத் தட்டிக்கொண்டார்.

"வழி நல்லா இருக்கணும்ல," என்று பொதுவாகச் சொல்லித் தலையசைத்துவிட்டு வண்டியைக் கிளப்பினார்.

வண்டிச் சத்தம் வளைவில் தேயும் வரை அண்ணி அப்படியே நின்றாள். பிறகு மரங்களை நோக்கி நடந்தாள்.