மடிப்பு

மாமியார் புரதப் பவுடர் டப்பாவைத் தலைகீழாகக் கவிழ்த்துக் காட்டினாள். ஒன்றும் கொட்டவில்லை. மூடிக்கு அடியில் இருந்த தாள் ஒட்டியபடியே இருந்தது.

"பிரிக்கக்கூட இல்ல, பாருங்க. எம்பொண்ணுக்குப் புரதம் கொறையுதுன்னு மாசாமாசம் வாங்கி அனுப்பினேன். இவரு கலக்கிக் குடுக்கல."

கூடத்தின் நடுவே அவன் மனைவியின் உடல் கிடத்தப்பட்டிருந்தது. வண்டி வர இன்னும் நேரம் இருந்தது. சுற்றி இருந்தவர்கள் டப்பாவைப் பார்த்தார்கள், பிறகு அவனை.

"படிச்ச மாப்பிள்ளைன்னு தேடிப் புடிச்சோம்," என்றார் மாமியாரின் அண்ணன். "பால் கலக்கறத எந்தக் காலேஜ்லயும் சொல்லித் தரல போல."

யாரோ சிரிப்பை இருமலாக்கினார்கள்.

டாக்டர் சொன்னது புரதக் கோளாறு. மாமியார் காதில் அது புரதக் குறைவாக விழுந்தது. திருத்த வேண்டாம் என்றது மனைவிதான். "அம்மா வழியில வந்த வியாதின்னு தெரிஞ்சா அம்மா தாங்காது. பவுடர் வாங்கிட்டு நிம்மதியா இருக்கட்டும். தங்கச்சி வரட்டும், அவகிட்ட நானே சொல்றேன்."

தங்கை இன்றுதான் வந்தாள்.

மனைவி பள்ளியில் உயிரியல் ஆசிரியை. தன் வியாதியையும் பாடமாகத்தான் நடத்தினாள். இயர்போன் வயரை விரலில் சுற்றிக் காட்டினாள். "புரதம்னா இப்படி ஒரு சங்கிலி. அமினோ அமிலத்த மணி மாதிரி கோத்தது. நீட்டமாக் கெடந்தா எதுக்கும் ஆகாது. சரியான எடத்துல வளைஞ்சு மடியணும். அந்த வடிவம் இருந்தாத்தான் அது வேலை செய்யும். என்னோடதுல ஒரு மணி மாறிப் போச்சு. தப்பா மடிஞ்சு, ஒண்ணோட ஒண்ணு ஒட்டி, இதயத்துல போய்ப் படியுது." வயரை அவன் மடியில் போட்டாள். "அது ஒழுங்கா மடியல. அதனால நான் மடியறேன். பத்தாங்கிளாஸ் பசங்கன்னா சிரிச்சிருப்பாங்க."

அவன் சிரிக்கவில்லை.

இப்போது அக்காவின் தலைமாட்டில் உட்கார்ந்திருந்த தங்கை வலது கையை உதறினாள். விரல்களை மடக்கி நீட்டினாள். மறுபடி உதறினாள்.

"கைக்கு என்ன?" என்றான்.

"மரத்துப் போகுது மாமா. கொஞ்ச நாளாவே. எந்நேரமும் போனை நோண்டறேன்னு அம்மா திட்டுது."

மனைவிக்கும் கையில்தான் தொடங்கியது. அவள் கரும்பலகையைக் குறை சொன்னாள்.

இப்போது வாயைத் திறந்தால் தப்பித்துக்கொள்ளப் பேசுவதாகத்தான் படும். தெரிந்தே பேசினான்.

"இது சத்துக் குறைவு இல்ல அத்தை. பிறப்புலயே வர்றது. உங்க அப்பாவுக்கு இருந்தது. உங்கள விட்டுட்டு இவளப் புடிச்சிருச்சு. சின்னவளுக்கும் டெஸ்ட் எடுக்கணும். இப்பவே கண்டுபிடிச்சா மருந்து இருக்கு."

"ஓஹோ," என்றாள் மாமியார். "கொன்னது நாங்கதான்."

"பொணம் வாசலைத் தாண்டல, அதுக்குள்ள குடும்பத்துக்கே பட்டம் கட்டறாரு," என்றார் அண்ணன். "நாளைக்கு இவளக் கேட்டு எவன் வருவான்?"

தங்கை கையைப் பின்னால் கொண்டுபோனாள்.

"எனக்கு ஒண்ணும் இல்ல. அக்காவ ஒழுங்காப் பாத்திருந்தா..."

முடிக்கவில்லை. அவன் உட்கார்ந்துகொண்டான்.

வண்டி வந்தது. தூக்கினார்கள். தலைப்பக்கம் அவனுக்குக் கிடைத்தது. எதிர்பார்த்ததைவிடக் கனம் குறைவு. மாமியார் அதையும் கவனித்திருப்பாள்.

வண்டிக்குள் ஏறி உட்கார்ந்தபோது எல்லோரும் வெளியே வந்துவிட்டிருந்தார்கள், தங்கையைத் தவிர. அவள் வாசற்படியில் குனிந்து செருப்பு வாரை மாட்டிக்கொண்டிருந்தாள். கொக்கி துளைக்குள் போகவில்லை. மறுபடி முயன்றாள். நழுவியது. டிரைவர் ஹார்ன் அடித்தான்.

"என்னடி இன்னும்..." என்று திரும்பிப் போன மாமியார் பாதியில் நின்றாள். அந்த விரல்களைப் பார்த்தாள். துளைக்குப் பக்கத்திலேயே அவை தடவிக்கொண்டிருந்தன.

மாமியார் கீழே குந்தினாள். வாரை இழுத்து மாட்டினாள். மற்றக் காலுக்கும் மாட்டிவிட்டாள்.

டிரைவர் மறுபடி ஹார்ன் அடித்தான். மாமியார் எழவில்லை. மகளின் காலைப் பிடித்தபடி தரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.