சீதன வீட்டின் மாடி

கொழும்பிலிருந்து செல்வராஜ் தொலைபேசியில் பேசிய பிறகு ஆனந்தராஜாவின் வீட்டில் பேச்சு குறைந்துபோனது. செல்வராஜ் அவருடைய மனைவி பத்மராணியின் தம்பி. யாழ்ப்பாணத்தை நோக்கி ராணுவம் வருகிறது என்றான். ஊர் ஒழுங்கையில், அந்தச் சந்து முழுக்க, மாடி உள்ளது அக்காவின் வீடு மட்டுந்தான். அதில் காவலரண் போட்டுவிட்டால் கீழே மிஞ்சியிருக்கும் சனமெல்லாம் துப்பாக்கிக்கு நேரே வந்துவிடும். மாடியை இடித்துவிடலாமா என்று அயலவர்கள் கேட்கிறார்கள். ஊருக்குத் திரும்புமுன் ஞாயிறு காலை மறுபடி எடுக்கிறேன், அத்தான் ஒரு முடிவு சொன்னால் போதும் என்றான்.

அத்தான் ஆனந்தராஜா, தாங்கள் குடியேறியிருந்த அமெரிக்க ஊரான சுகர் லேண்டின் நூலகத்துக்குப் போய் எடின்பரோ கோட்டையின் வரலாற்றோடு வந்தார். எந்தச் சிக்கலையும் பல நூறு வருடம் தள்ளி வைத்துப் பார்த்தால்தான் அவருக்கு மூச்சு சீராகும். ஆங்கிலேயரிடமிருந்த அந்தக் கோட்டையை, இருட்டில் செங்குத்துப் பாறை ஏறிப் போன சிலர் மீட்டார்கள். மீட்ட கையோடு ஸ்கொட்லாந்து அரசன் அதை இடிக்கச் சொன்னான். எதிரி மறுபடி வந்தால் அவனுக்கு ஒரு சுவரும் உதவக்கூடாது. அந்தப் பக்கத்தைத் தாண்ட அவருக்கு மனம் வரவில்லை. முதல் கல்லைப் பெயர்த்தவனுக்குக் கை கூசியிருக்காதா?

ஞாயிறு காலை பத்மராணி தேநீரோடு எதிரே வந்து உட்கார்ந்தாள். அவர் கோட்டைக் கதையைச் சொன்னார். வெளியே யாரோ புல் வெட்டிக்கொண்டிருந்தார்கள்.

"இடிச்சாப் பிறகு அவங்கள் வரேல்லையோ?" என்று அவள் கேட்டாள்.

மறைத்திருக்கலாம். அவரால் முடியவில்லை. "வந்தவங்கள். இருபது வருஷம் கழிச்சு வந்து திரும்பக் கட்டினவங்கள்."

"அந்த இருபது வருஷமும் கீழ சனம் உயிரோட இருந்ததுதானே?"

"இருந்திருக்கும்."

"பிறகு என்னத்தைத்தான் இவ்வளவு வாசிக்கிறியள்?"

தொலைபேசி அடித்தது. அவர் எழுவதற்குள் அவள் எடுத்துவிட்டாள். தம்பி அத்தானைத் தரச் சொல்லிக் கேட்டான் போலிருந்தது.

"அத்தானை ஏன் கேக்கிறாய்? அது அப்பா எனக்குச் சீதனமாத் தந்த வீடு." தொலைபேசிக் கம்பிச் சுருளை விரலில் சுற்றிக்கொண்டு நின்றாள். "இடிக்கச் சொல்லு. படிக்கட்டையும் விடவேண்டாம்."

மூன்று நாளாகத் தலைக்குள் சுமந்த முடிவு தன்னுடையதே அல்ல என்று ஆனந்தராஜாவுக்கு அப்போதுதான் உறைத்தது. அவளிடம் ஒருமுறையாவது கேட்டிருக்கலாம்.

"முன்வீட்டுப் புஷ்பவல்லி அக்காவுக்குக் காது கேக்காது," என்று பத்மராணி தொடர்ந்தாள். "சுவர் விழேக்க பக்கத்தில வந்து நிண்டிடுவா. முதல்ல அவவைக் கூட்டிக்கொண்டு போய் எங்கயாவது இருத்து."

பிறகு ரிசீவரை அவரிடம் நீட்டிவிட்டுச் சமையலறைக்குள் போனாள். அங்கே குழாய் வெகுநேரம் ஓடியது.

மறுமுனையில் செல்வராஜ், "அத்தான், நீங்களும் ஓமெண்டுதானே?" என்று கேட்டான்.

"அக்கா சொன்னதைச் செய்," என்றார் அவர்.