லைன்ல யாரு

அருள்ஜோதி புது இயர்போன் வாங்கக் கிளம்பியதற்குக் காரணம் சகாயநாதன் மாஸ்டர். நீடாமங்கலத்தில் அவர் நடத்தும் இசைக்குழுவில் அவள் பாடகி. மாதா தேர், கோயில் திருவிழா, கல்யாண வரவேற்பு என்று டெல்டா முழுக்கச் சுற்றி வருகிற குழு அது. புரட்டாசி பிறந்ததும் மாஸ்டர் ஒரு முடிவு சொன்னார். பாடுகிறவர்களுக்காக மேடையில் வைக்கும் ஸ்பீக்கர் இனிமேல் கிடையாது. ஆளுக்கொரு ரிசீவரை இடுப்பில் மாட்டிக்கொண்டு காதிலேயே கேட்டுக்கொள்ள வேண்டும். ரிசீவர் குழுவுடையது, காதில் வைப்பது அவரவர் பொறுப்பு.

"போனோட வந்தத வச்சு ஒப்பேத்திடாத ஜோதி. பேஸ் கிட்டார் வாசிச்சா அது கிழிஞ்ச தகரம் மாதிரி அதிரும். தஞ்சாவூர் போயி நல்லதா ஒண்ணு பாரு" என்றார்.

அவள் தலையாட்டினாள். காதில் எதையும் வைத்துக்கொண்டு மேடை ஏறி ஒரு வருடம் ஆகப்போகிறது என்பது அவருக்கும் தெரியும். அதனால் அதற்கு மேல் அவரும் பேசவில்லை.

போன ஐப்பசியில் திருப்பனந்தாள் பக்கம் ஒரு சிற்றாலயத் திருவிழா. அப்போதெல்லாம் குழுவின் சவுண்டுக்கு அவள் அண்ணன் ஆன்டோதான். மேடைக்கு எதிரே தார்ப்பாய்க் கொட்டகையில் சவுண்டு மிக்சரை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பான். அதில் ஒரு பட்டன் உண்டு. அழுத்திப் பேசினால் பாடுகிறவர் காதில் மட்டும் கேட்கும். நிகழ்ச்சி தொடங்குமுன் ஒவ்வொரு வயராகச் சோதிப்பான். "லைன்ல யாரு?" என்பான். "ஜோதி" என்று இவள் மைக்கில் சொன்னால் அடுத்த வயருக்குப் போவான். பாட்டுக்கு நடுவிலும் அவ்வப்போது அவன் குரல் வரும். மைக்கைத் தள்ளிப் பிடி, கடைசிச் சரணத்தை விட்டுவிடு, சாமியார் கிளம்பிவிட்டார் என்று ஏதாவது சொல்லுவான். பேசுமுன் ஒரு மூச்சு இழுப்பான். சின்ன வயதில் கிரிக்கெட் பந்து பட்டு மூக்குத்தண்டு வளைந்துபோனவன். அந்த மூச்சில் லேசாக ஒரு சீழ்க்கை இருக்கும்.

அன்றைக்கு இரண்டாவது பாட்டிலேயே மழை சாய்ந்து அடித்தது. அருள்ஜோதி கண்ணை மூடிப் பாடிக்கொண்டிருந்தாள். காதில் பட்டன் அழுந்தும் சத்தம் கேட்டது, பிறகு அந்த மூச்சு. சொல் வருமென்று அவள் காத்திருந்தபோதே விளக்குகள் எல்லாம் அணைந்தன. கொட்டகைக்குள் ஆன்டோ மின்சாரப் பெட்டியின் மேல் கை வைத்தபடி விழுந்து கிடந்தான்.

தண்ணீர் இறங்குவதைப் பார்த்துவிட்டு வயரைப் பிடுங்கப் போயிருக்கிறான் என்றார்கள். மைக்கைக் கீழே வை என்று உன்னிடம் சொல்ல வந்திருப்பான் என்றார்கள். இருக்கலாம். அவளுக்கு அந்த மூச்சு மட்டும்தான் தெரியும். ஒரு வருடமாக அது அவளுக்குள் இழுத்த இழுப்பில் அப்படியே நின்றிருந்தது.

தஞ்சாவூரில் பழைய பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னாலிருந்த சந்தில் அந்தக் கடை. ஃபஹ்மிதா என்ற பெண் நடத்தினாள். மதிய நேரம், கடையில் வேறு யாரும் இல்லை.

"உங்களுக்கு நல்லாத் தெரிஞ்ச பாட்டா போட்டுக் கேளுங்கக்கா. அப்பதான் வித்தியாசம் புரியும்" என்று கண்ணாடி மேசைமேல் சில பெட்டிகளை எடுத்து வைத்தாள்.

அருள்ஜோதி தன் போனில் ஒரு ஒத்திகைப் பதிவைத் தேடி எடுத்தாள். ஆவணியில் மாஸ்டர் வீட்டு மாடியில் பதிவு செய்தது. ஆன்டோ போய்ப் பத்து மாதத்துக்குப் பிறகு. முதலில் கொஞ்ச நேரம் வெறும் அறையின் சத்தம், பிறகு கீபோர்டு, பிறகு அவள் குரல்.

விலை குறைந்த ஜோடியை முதலில் மாட்டினாள். பழையதைவிட எவ்வளவோ தேவலாம். ஆனால் பாட்டு தொடங்குமுன் ஏதோ ஒரு சிறு இரைச்சல், யாரோ துணியை உரசுவது போல. மறுபடி ஓடவிட்டாள். அதே இடத்தில் அதே இரைச்சல்.

"இதக் கொஞ்சம் கேளுங்களேன். ஆரம்பத்துல."

ஃபஹ்மிதா காதில் வைத்துக் கேட்டாள். "ஃபேன் சத்தம்தானேக்கா? வேற ஒண்ணும் இல்லையே." பிறகு அடுத்த பெட்டியைத் திறந்தாள். "இத வச்சுப் பாருங்க. இதுல எல்லாம் தனித்தனியா பிரிஞ்சு கேக்கும். வயர்ல மைக்கும் இருக்கு, போன் பேசிக்கலாம்."

அந்த ஜோடி காதுக்குள் வசமாக உட்கார்ந்துகொண்டது. தெருவின் சத்தம் அறுந்தது. ஃபேன் சுற்றுவது கேட்டது. அந்தச் சத்தத்துக்குள்ளிருந்து ஒரு மூச்சு எழுந்தது. முழு மூச்சு, பேசப்போகிறவன் இழுக்கிற மூச்சு. அதன் நுனியில் சீழ்க்கை.

அவள் இரண்டு காதிலிருந்தும் பிடுங்கி மேசையில் வைத்தாள்.

"வலிக்குதாக்கா? சைஸ் மாத்தித் தரட்டுமா?"

"இல்ல. நான் அப்பறம் வர்றேன்."

பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்து அந்தப் பதிவை அழித்துவிடலாம் என்ற எண்ணம் விரல் வரை வந்தது. அழிக்கவில்லை. வெளியே குறுவை அறுவடை நடந்துகொண்டிருந்தது. அறுப்பு மெஷின் போன வயலில் வைக்கோல் உருளைகள் கிடந்தன. எந்தச் சத்தமும் அவள் காதுக்குள் போகவில்லை.

வீட்டுக்கு வந்ததும் அம்மாவிடம் சொன்னாள். சொல்லக் கூடாது என்றுதான் நினைத்திருந்தாள். இருதயம்மாள் பருப்புக் கடைந்துகொண்டிருந்தவள் மத்தைப் பிடித்தபடியே கேட்டாள். அழவில்லை, நெற்றியில் சிலுவையும் போட்டுக்கொள்ளவில்லை.

"அவன்தானா?"

"மூக்குச் சத்தம் கேட்டுச்சும்மா."

"ஏதாச்சும் சொன்னானா?"

"மூச்சு மட்டும்தான். சொல்றதுக்குள்ள நான் கழட்டிட்டேன்."

அம்மா அடுப்பை அணைத்தாள். "அந்தக் கடையில அதவிட நல்லது இருக்கா?"

சனிக்கிழமை இருவரும் போனார்கள். அம்மா வெளுத்த சேலையைக் கட்டிக்கொண்டு, பூசைக்குப் போகிறவளைப் போல வந்தாள். கடையில் இருப்பதிலேயே நல்லதைக் காட்டச் சொன்னாள் அருள்ஜோதி. ஃபஹ்மிதா உள்ளேயிருந்து ஒரு பெட்டியை இரு கையாலும் எடுத்து வந்தாள்.

"பெரிய மேடைக்காரங்க வாங்கறது. பதிவு பண்ணினப்ப அந்த ரூம்ல ஒரு ஊசி விழுந்திருந்தாலும் இதுல கேக்கும்."

அருள்ஜோதி மாட்டிக்கொண்டாள். ஓடவிட்டாள்.

மாஸ்டர் வீட்டு மாடி கேட்டது. ஃபேனின் ஒவ்வொரு சுற்றும் கேட்டது. பட்டன் அழுந்தியது. மூச்சு வந்தது, உதடு பிரியும் ஈரச் சத்தம் வந்தது. அதற்குப் பின்னால் எங்கோ தார்ப்பாயில் மழை விழுந்துகொண்டிருந்தது.

"லைன்ல யாரு?"

அவள் அசையவில்லை.

"லைன்ல யாரு?" மறுபடியும் கேட்டான். அதட்டலும் இல்லை, அவசரமும் இல்லை. வெகுநேரமாகக் கேட்டுக் கேட்டுச் சலித்தவன் குரலாக இருந்தது. பிறகு கீபோர்டு தொடங்கிவிட்டது.

அவள் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்த அம்மா கையை நீட்டினாள். ஃபஹ்மிதா அம்மாவின் காதில் பொருத்திவிட்டாள். அருள்ஜோதி மறுபடி முதலிலிருந்து ஓடவிட்டாள். அம்மா கண்ணை மூடி, கழுத்தைச் சாய்த்து, விரலால் காதை அழுத்திக்கொண்டு கேட்டாள். பாட்டு வந்ததும் கண்ணைத் திறந்தாள்.

"ஒன் பாட்டுதான் கேக்குது."

"அதுக்கு முந்திம்மா."

இன்னும் இரண்டு முறை கேட்டுப் பார்த்தாள். "எனக்கு ஒண்ணும் கேக்கலடி" என்று கழற்றித் தந்தபோது அந்த முகத்தைப் பார்க்க அருள்ஜோதியால் முடியவில்லை. ஃபஹ்மிதாவுக்கு ஏதோ புரிந்திருக்க வேண்டும். கடை வாசலுக்குப் போய் அடுக்கியிருந்த போன் கவர்களைத் திரும்ப அடுக்கத் தொடங்கினாள்.

"என்ன சொல்றான்?" அம்மா தாழ்ந்த குரலில் கேட்டாள்.

"லைன்ல யாருன்னு கேக்கறான்."

"ஒன்னையா கேக்கறான்?"

"யாருன்னு தெரியாமதாம்மா கேக்கறான். அண்ணன் இன்னும் அந்தக் கொட்டகையிலயே இருக்கற மாதிரி இருக்கு. மழைகூட விடல."

இருதயம்மாள் சேலைத் தலைப்பை இழுத்துச் செருகிக்கொண்டாள். பிறகு, "கேட்டா பதில் சொல்ல வேண்டியதுதான? ஒரு வருசமா கேட்டுக்கிட்டு இருக்கான் புள்ள" என்றாள்.

அருள்ஜோதி ஃபஹ்மிதாவைக் கூப்பிட்டாள். "இதுல மைக் இருக்கா?"

"இல்லக்கா. இது கேக்கறதுக்கு மட்டும்தான்."

"மைக் இருக்கற வயர வாங்கி இதுல மாட்ட முடியுமா?"

"இதுல வயர் சொருகற பின்னே வேறக்கா. இதுக்கு மைக் வயர் அந்தக் கம்பெனி போடறதில்ல. மைக் வேணும்னா அன்னிக்குப் பாத்தீங்களே, அதுதான்."

இரண்டு பெட்டிகளும் மேசைமேல் பக்கத்தில் பக்கத்தில் இருந்தன. ஒன்றை வாங்கினால் அண்ணன் குரலை நினைத்தபோதெல்லாம் கேட்கலாம். ஆனால் அவன் கேட்டுக்கொண்டே இருப்பான், இவள் வாயை மூடிக்கொண்டே இருப்பாள். மற்றதில் குரல் வராது, மூச்சு மட்டும்தான். ஆனால் பேசலாம். அம்மாவைப் பார்த்தாள். அம்மா நல்ல ஜோடியின் பெட்டியை விரலால் தடவிக்கொண்டிருந்தாள், மகனின் குரலைத் தனக்குத் தராத பெட்டியை.

"மைக் இருக்கறதையே குடுங்க" என்றாள் அருள்ஜோதி.

மறுநாள் பூசை முடிந்து வந்து, வீட்டுக்குப் பின்னால் வாய்க்கால் மதகடிக்குப் போனார்கள். உச்சி வெயில். சம்பா நாற்றங்காலுக்குத் தண்ணீர் ஓடிக்கொண்டிருந்தது. அம்மா மதகுக் கட்டையில் உட்கார்ந்தாள். அருள்ஜோதி நின்றபடி காதில் வைத்து, பதிவை ஓடவிட்டு, வயரிலிருந்த மைக்கை வாயருகே பிடித்துக்கொண்டாள்.

ஃபேன். பட்டன். மூச்சு.

"ஜோதி" என்றாள், சவுண்டு சோதனையில் சொல்வது போலவே.

பதிவு ஓடிக்கொண்டுதான் இருந்தது, திரையில் நொடிகள் நகர்ந்தன. ஆனால் கீபோர்டு வர வேண்டிய இடத்தில் வரவில்லை. இழுத்த மூச்சு அப்படியே நின்றது. அவன் கேட்கிறான் என்று அவளுக்குத் தெரிந்தது. நல்ல வெயிலில் அவள் கைமுடி குத்திட்டு நின்றது.

"ஜோதிதாண்ணே. நான்தான் லைன்ல. மைக்க அப்பவே கீழ வச்சுட்டேன். எனக்கு ஒண்ணும் ஆகல. மழையும் விட்டுடுச்சு. நீ அந்த வயர விட்டுட்டு வெளிய வா."

அம்மா எழுந்து வந்தாள். மைக்கைத் தன் பக்கம் இழுத்து வாயருகே வைத்துக்கொண்டாள். "ஆன்டோ, ஒன் வண்டிய ஜெரால்டு கேக்கறான்டா. மாமா புள்ளதான. ஒன்னக் கேக்காம எப்படிக் குடுக்கறதுன்னு நம்ம வீட்டுக் கொட்டாய்லயே நிறுத்தி வச்சிருக்கேன். டயரெல்லாம் எறங்கிப்போச்சு. குடுத்துடவா?" என்றாள்.

அருள்ஜோதியின் காதில் மூச்சு இறங்கியது. நீளமாக, சீழ்க்கையோடு, கடைசிவரை இறங்கியது. அதற்குப் பிறகு பிளாஸ்டிக் ஒன்று மேசையில் படும் சத்தம். நிகழ்ச்சி முடிந்ததும் ஹெட்போனைக் கழற்றி மிக்சர்மேல் வைப்பான், அந்தச் சத்தம். பிறகு கீபோர்டு தொடங்கியது, அவள் குரல் தொடங்கியது.

"என்னடி சொன்னான்?"

"ஒண்ணும் சொல்லலம்மா. மூச்ச விட்டான். அவ்வளவுதான்."

"வேணாங்கலையே?"

"வேணாங்கல."

அந்த வாரமே ஜெரால்டு வந்து வண்டியைத் தள்ளிக்கொண்டு போனான். காலியான கொட்டகையை அம்மா சாணி தெளித்துக் கூட்டினாள்.

நன்னிலம் பக்கத்துக் கல்யாண வரவேற்பில் அருள்ஜோதி புது இயர்போனோடு மேடை ஏறினாள். காதுக்குள் எல்லாம் தெளிவாக இருந்தது. டிரம்ஸ், பேஸ், மாஸ்டரின் விரல்கள், தன் குரல். முதல் பாட்டில் அவள் நுழைய வேண்டிய இடம் வந்தது, போனது. அந்த மூச்சு வருமென்று அவள் காத்துக்கொண்டு நின்றாள். காதுக்குள் அந்த இடத்தில் யாரும் இல்லை. மாஸ்டர் திரும்பிப் பார்த்துவிட்டு முன்னிசையை இன்னொரு முறை வாசித்தார். இரண்டாவது முறை அவளே ஒரு மூச்சை இழுத்துக்கொண்டு நுழைந்தாள். பாட்டு முடிந்ததும் ஜனங்கள் கை தட்டினார்கள். மதகடியில் அன்றைக்கு அவனோடு மழையிலிருந்து வெளியே வந்துவிட்டோம், இனி தனியாக நடக்க வேண்டும் என்று அவளுக்குத் தோன்றியது.

சில நாள் கழித்து மறுபடி தஞ்சாவூர் போனாள். ஃபஹ்மிதா கேட்குமுன்பே அந்த நல்ல ஜோடியை எடுத்து வைத்தாள். அருள்ஜோதி அதே பதிவைப் போட்டாள். மாடி கேட்டது, ஃபேன் கேட்டது. யாரோ நாற்காலியை நகர்த்தினார்கள், மாஸ்டர் தொண்டையைச் செருமினார். கீழே தெருவில் காய்கறிக்காரன் கூவிப் போனான். அவ்வளவுதான். கீபோர்டு வரும்வரை அவள் மறுபடி மறுபடி பின்னால் போனாள். ஃபஹ்மிதா அவசரப்படுத்தவில்லை, ஒரு ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்காரச் சொன்னாள்.

வெளியே வெயில் சாய்ந்தபோது கழற்றித் துடைத்துப் பெட்டியில் வைத்தாள்.

"எடுத்துக்கறீங்களாக்கா?"

"வேணாம்மா." பையிலிருந்து தன் மைக் வைத்த ஜோடியை எடுத்து மேசையில் வைத்தாள். "வலது காதுக்கு மட்டும் கொஞ்சம் சின்ன ரப்பரா இருந்தா குடுங்க. பாடறப்ப நழுவுது."