கண்ணாடிக் கடைக்காரர் நன்றி சொன்னார்

"என் தம்பியை எதுக்கு வேலையை விட்டு அனுப்புனீங்க?"

"நான் எங்கே அனுப்புனேன்? நன்றிதானே சொன்னேன்!"

"அதைத்தான் நானும் கேக்கறேன். எதுக்கு நன்றி சொன்னீங்க?"

மூக்குக்கண்ணாடிக் கடைக்காரரை இப்படிப் பிடித்துக்கொண்டவள் அவர் மனைவி. மாடி வீட்டுச் சண்டை தெருவுக்கே கேட்டது. கேட்காதவர்கள் ஜன்னலைத் திறந்து வைத்துக்கொண்டு கேட்டோம். புழுக்கமாக இருந்தது, வேறொன்றுமில்லை.

நியாயமாகப் பார்த்தால் எல்லாவற்றுக்கும் காரணம் டாக்டரம்மாதான். ரத்தக் கொதிப்புக்கு மாத்திரை எழுதியதோடு நிறுத்தியிருக்கலாம். "கோபத்தைக் குறைங்க. தினமும் யாருக்காவது மனசார நன்றி சொல்லிப் பழகுங்க" என்று சேர்த்துச் சொல்லிவிட்டார். மாத்திரையை மறந்தாலும் மறப்பாரே தவிர, சும்மா கிடைத்த யோசனையை விடுகிற ஆளா நம் கடைக்காரர்? மறுநாள் காலையே பால்காரரிடம் ஆரம்பித்தார்.

"இத்தனை நாளா பால் போட்டதுக்கு ரொம்ப நன்றிங்க."

பால்காரர் தலையைச் சொறிந்தார். "அப்போ நாளையிலேர்ந்து வேணாமா சார்?"

அங்கேயே உஷாராகியிருக்க வேண்டும். ஆகவில்லை. உள்ளே போய், டீ கொண்டுவந்து நீட்டிய மனைவிக்கும் ஒரு நன்றி சொன்னார். அந்த அம்மாள் அவரை ஏற இறங்கப் பார்த்துவிட்டு, டம்ளரைத் திரும்பப் பிடுங்கி ஒரு வாய் குடித்துப் பார்த்தாள்.

"சர்க்கரை போட்டுத்தானே இருக்கேன்? அப்புறம் என்ன குத்தல் பேச்சு?"

அதற்கும் அசராமல் கடைக்குப் போனார். பின்னறையில் மச்சினன் லென்ஸ் தேய்த்துக்கொண்டிருந்தான். பெயர்ப்பலகைதான் இவருடையது, கடை ஓடுவதோ அவன் கையால். எந்த லென்ஸையும் ஃப்ரேமுக்குள் ஆடாமல் அசையாமல் உட்காரவைத்துவிடுவான். அதற்காக ஒருநாளாவது ஒரு நல்ல வார்த்தை சொன்னதுண்டா? "ஏண்டா, தூங்கிட்டியா?" என்பதுதான் அங்கே காலை வணக்கம். நினைத்துப் பார்த்தபோது கடைக்காரருக்கே அது உறைத்தது. தன் கையாலேயே டீ வாங்கிவந்து கொடுத்து, அவன் தோளில் கை வைத்தார்.

"மாப்ளே, இத்தனை வருஷமா நீ செஞ்சதுக்கெல்லாம் ரொம்ப நன்றிடா."

பாவம், ஒன்றை மறந்துவிட்டார். பில் போட்டுக்கொண்டிருந்த பெண்ணை வேலையை விட்டு நிறுத்தியபோதும் இப்படித்தான் டீ வாங்கிக் கொடுத்து, இதே வார்த்தைகளைச் சொன்னார். அவளுக்கு முன்பு காவலுக்கு இருந்தவருக்கும் அதே டீ, அதே வார்த்தை. அந்தக் கடையில் நன்றி வாங்கியவர் யாரும் மறுநாள் வேலைக்கு வந்ததில்லை.

மச்சினன் டீயைக் குடித்து முடித்தான். இயந்திரத்தைத் துடைத்து உறை போட்டான். "சரிங்க மாமா" என்று வெளியே போனான். பிள்ளை நெகிழ்ந்துபோய் மறைவாகக் கண்ணைத் துடைக்கப் போகிறான் என்று கடைக்காரர் பூரித்துப்போனார். அவன் தெருவைத் தாண்டி எதிர்க்கடையில் லென்ஸ் தேய்க்க உட்கார்ந்துவிட்டது ஊருக்கெல்லாம் தெரிந்த பிறகுதான் அவருக்குத் தெரிந்தது.

பள்ளிக்கூடம் திறக்கிற நேரம் வேறு. பிள்ளைகளின் கண்ணாடிகள் குவிந்து கிடந்தன. தானே தேய்த்துப் பார்த்தார். ஒரு லென்ஸ் விழப்போகிற பல் மாதிரி ஆடியது. இன்னொன்று உள்ளே போகவே மாட்டேன் என்றது. இந்த லட்சணத்தில் வீட்டுக்கு வந்தபோதுதான் மேலே சொன்ன சண்டை.

"நாளைக்கு அவனைக் கூட்டிட்டு வாங்க" என்று முடித்தாள் மனைவி. "இல்லேன்னா நானும் உங்களுக்கு ஒரு நன்றி சொல்லிட்டுக் கிளம்பறேன்."

மறுநாள் எதிர்க்கடைப் படியேறினார். அங்கே கண் பரிசோதிக்கிற, எதிர்க்கடைக்காரரின் மகளும் இருந்தாள்.

"மாப்ளே, நான் மனசாரத்தான்டா சொன்னேன்..."

"தெரியும் மாமா. பில் போட்ட அக்காவுக்கும் மனசாரத்தான் சொன்னீங்க."

அந்தப் பெண் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். கடைக்காரர் அசடு வழிய, சட்டைப்பையிலிருந்து தான் தேய்த்த லென்ஸை எடுத்து நீட்டினார். மச்சினன் அதை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தான்.

"என்ன மாமா, எலி கடிச்சிருக்கா?"

"அந்த எலி நான்தான்டா. எனக்குத் தெரிஞ்ச வேலை உன்னைத் திட்டறது ஒண்ணுதான். இப்போ திட்டறதுக்கும் ஆளில்லாம உக்காந்திருக்கேன். எழுந்து வந்து தொலை!"

அவன் முகம் மலர்ந்துவிட்டது. "இதை நேத்தே சொல்லியிருக்கலாமே" என்று எழுந்தான்.

வந்தானே தவிர, திருகாணி இரவல், பசை இரவல் என்று எதிர்க்கடைக்குப் போவது நிற்கவில்லை. அதே தெருவில் எங்கள் கடைகளிலும் திருகாணி கிடைக்கும், ஒருநாளும் வந்து கேட்டதில்லை. கடைசியில் அந்தக் கண் பரிசோதகப் பெண்ணையே கட்டிக்கொண்டான். கல்யாணத்தில் நாலு வார்த்தை பேச எழுந்த கடைக்காரரை மனைவி சட்டையைப் பிடித்து இழுத்து உட்காரவைத்தாள்.

புதுத் தம்பதி வேறு ஊரில் சொந்தக் கடை போடக் கிளம்பினார்கள். கடைக்காரர் தன் தேய்க்கும் இயந்திரத்தைத் தானே தூக்கிவந்து வண்டியில் ஏற்றினார்.

"இது இல்லாம நீங்க என்ன மாமா செய்வீங்க?"

"எலிக்கு எதுக்குடா இயந்திரம்? கயித்தை ஒழுங்காப் பிடி, தூங்கிட்டியா?"

மச்சினன் கயிற்றைப் பிடித்துக்கொண்டு வேறெங்கோ பார்த்தான். அவன் கண்ணைத் துடைத்ததை எல்லோரும் பார்த்தோம்.

அதற்குப் பிறகு கடைக்காரர் யாருக்கும் நன்றி சொல்லவில்லை. டாக்டரம்மா மாற்றலாகிப் போனபோது மட்டும், கையில் டீயோடு போய், மனசாரச் சொல்லிவிட்டு வந்தார்.